வெள்ளைப் பலகையில் ஒரு எண்

அன்புள்ள சார்,

‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பழையது, புதியது என்று இரண்டு முறை எடுத்ததில் புதியதுதான் மேல் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். 1978இல் வந்த பழைய தொடரைப் பெரியப்பா வீட்டு வீடியோ கேசட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் ஒரு வெளிச்சம் இருந்தது. புதியதில் எல்லோரும் குடிக்கிறார்கள், அழுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். ஆணாக இருந்த விமானி ஸ்டார்பக்கைப் பெண்ணாக்கியது எதற்கு? நன்றாக இருந்ததை ஏன் தொட வேண்டும்?

ரா., குன்னூர்

அன்புள்ள ரா.,

கோத்தகிரியில் மூன்று நாளாக மழை. கரண்ட் இருந்த நேரத்தில், உங்கள் கடிதத்தைச் சாக்காக வைத்துப் பழைய தொடரின் முதல் கதையை மறுபடி பார்த்தேன்.

சைலான்கள் என்ற இயந்திரப் படை தாக்கி, மனிதர்களின் பன்னிரண்டு உலகங்கள் அழிகின்றன. மிஞ்சியவர்கள் கிடைத்த கப்பல்களில் ஏறி ஓடுகிறார்கள். அதே முதல் கதையிலேயே ஒரு கேளிக்கை விடுதியில் இறங்கிச் சூதாடவும் செய்கிறார்கள்! சாவு வீட்டில் சீட்டாடுவது நம் ஊரிலும் உண்டுதான். ஆனால் அது ராத்திரி முழுக்க விழித்திருக்க. இங்கே செத்தவர்களைக் கதையே மறந்துவிடுகிறது. ஞாயிறு இரவு குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் அதை உருவாக்கிய கிளென் லார்சனால் வேறென்ன செய்திருக்க முடியும் என்பதும் நியாயமான கேள்விதான்.

ரொனால்ட் மூர் புதிய தொடரை 2003இல் குறுந்தொடராகத் தொடங்கியபோது, அந்த அழிவை அழிவாகவே எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த முழுத்தொடரின் முதல் பகுதிக்குப் பெயரே ‘33’. முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. மேலே இருந்தவர்கள் எல்லோரும் இறந்துபோனதால் அதிபராகிவிட்ட கல்வி அமைச்சர், உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். ஐம்பதாயிரம்கூட இல்லை. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. எழுந்துபோய் எண்ணை அழித்து, ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். நீங்கள் கேட்ட வெளிச்சம் இதில் இல்லையா?

ஸ்டார்பக் விஷயம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சுருட்டு, சீட்டு, திமிர் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இன்னொரு விமானியான பூமரும்தான் பெண்ணானார், அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை! பெரிய மாற்றம் சைலான்களில். பழையதில் வேற்றினம் ஒன்று செய்த இயந்திரங்கள். புதியதில் மனிதர்களே செய்தவை. அங்கேதான் கதை கனக்கிறது.

ஏன் தொட வேண்டும் என்கிறீர்கள். மலை ரயில் நிற்கும் உங்கள் ஸ்டேஷனுக்கே போய்ப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எஞ்சின்களுக்குப் பதில் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை புதிதாகச் செய்து கொடுத்தவை நிற்கும். பல எஞ்சின்களில் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. ஆனால் சக்கரப் பல் மட்டும் தண்டவாள நடுவிலுள்ள பல்லோடு பொருந்தியாக வேண்டும், இல்லாவிட்டால் கல்லாறு தாண்டி ஏறாது. மூரும் அந்தப் பல்லை மாற்றவில்லை. அதே கப்பல், அதே ஓட்டம், பூமியைத் தேடும் அதே பயணம். பழைய முகப்பு இசையை அந்த மக்களின் தேசிய கீதமாகவே ஆக்கினார். பழையதில் அப்பல்லோ என்ற விமானியாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச்சுக்கும் ஒரு முக்கிய வேடம் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. 2009இல் முடித்தபோது, அவிழாத முடிச்சையெல்லாம் கடவுள் தலையில் கட்டிவிட்டார்கள். அப்புறம், பக்கவாட்டில் ஓடும் சைலான்களின் அந்தப் பழைய சிவப்புக் கண், எனக்கு இன்னும் பயம்தான்.

‘33’ மட்டுமாவது பாருங்கள். குறுந்தொடரை முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் யாரென்று புரியாது.