கோச்சை மாற்றணுமா என்று டஸ்கலூசாவில் உங்களிடம் கேட்டால்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஓசூரிலிருந்து 2025 ஆகஸ்டில் அலபாமாவுக்கு வந்து, வான்ஸ் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கோச்சை (நம்ம ஊர் கால்பந்து இல்லை) வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று தினமும் சண்டை போடுகிறார்கள். "ஊரில் ஆட்சி மாறும்போதுகூட இவ்வளவு சூடாகப் பேசிப் பார்த்ததில்லை அக்கா. சூப்பர்வைசர் என்னைப் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டார். நான் என்ன சொல்ல? வெளியூர்க்காரன் இதில் வாய் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வைக்கலாம். "இது வெறும் விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் மக்கள் 50 லட்சம் பேர்; என்எஃப்எல் என்ற பெரிய தொழில்முறை லீகில் ஆடும் அணி ஒன்றுகூடக் கிடையாது. மக்கள் உயிராய் நினைப்பது கல்லூரி அணிகளைத்தான், அதிலும் அலபாமா, ஆபர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகளை. அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் பிரையன்ட்-டெனி ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். 2020 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த அணியை நடத்துகிறவர் யார் என்பது இங்கே வீட்டு விஷயம்.

மேசையில் நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: "நீங்கள் எந்த வருஷத்திலிருந்து மேட்ச் பார்க்கிறீர்கள்?" அதற்கு வரும் பதிலை வைத்தே, கோச் பற்றி அவர் அடுத்து என்ன சொல்வார் என்று பாதி ஊகித்துவிடலாம். இத்தனை வருஷம் இவர்களோடு உட்கார்ந்து கேட்டதில் நான் கண்டது இதுதான்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் கோச் பால் பிரையன்ட் காலத்தைப் பார்த்தவர்கள். அவர் 1958 முதல் 1982 வரை இங்கே கோச்சாக இருந்து ஆறு தேசியக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். கடைசி மேட்ச் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1983 ஜனவரியில் இறந்துபோனார். அவருக்குப் பிறகு 2006 வரை ஏழு பேரை வேலைக்கு எடுத்தார்கள். ரே பெர்கின்ஸ் நான்கு வருஷம். அப்புறம் பில் கரி: மூன்று வருஷத்தில் 26 வெற்றி, 10 தோல்வி. நல்ல கணக்குதான், ஆனால் பரம எதிரியான ஆபர்னை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அவருடைய அலுவலக ஜன்னலில் யாரோ செங்கல்லை எறிந்தார்கள். எஸ்.இ.சி. என்ற தெற்கு வட்டார லீகின் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட 1989 சீசன் முடிந்ததும் அவரே கென்டக்கிக்குப் போய்விட்டார். ஜீன் ஸ்டாலிங்ஸ் 1992-ல் தேசியக் கோப்பை வென்றார். அவருக்கு அடுத்தவர்களில் ஒருவர் இரண்டே வருஷத்தில் டெக்சஸுக்குக் கிளம்பினார். இன்னொருவரை 2003-ல் ஒரு மேட்ச்கூட ஆடுவதற்கு முன்பே நீக்கினார்கள். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள், "கோச்சை மாற்று" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட மாட்டார்கள். மாற்றினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முப்பதுக்குக் கீழே இருப்பவர்களின் கதை வேறு. அவர்கள் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் கோச் நிக் சேபனைத்தான். 2007 ஜனவரியில் மயாமியிலிருந்து அவர் வந்து இறங்கியபோது இங்கே விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. அந்த ஏப்ரலில் நடந்தது சும்மா ஒரு பயிற்சி மேட்ச், அதைப் பார்க்க 92 ஆயிரம் பேர் வந்தார்கள். 2009-க்கும் 2020-க்கும் இடையில் ஆறு தேசியக் கோப்பைகள். 2008 முதல் 2023 வரை ஒவ்வொரு வருஷமும் குறைந்தது பத்து வெற்றி. அந்தப் பதினாறு வருஷத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, தோற்பது என்றால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்றுதான் பொருள். உங்கள் மேசையில் அதிகம் கத்துகிறவர் இந்த வயதுக்காரராகத்தான் இருப்பார்.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வு அறிவித்தார். அன்று சாயங்காலம் நான் கடையில் இருந்தேன். காசு வாங்கும் பெண் கைபேசியைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி "கோச் போகிறார்" என்றாள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் ஊரில் வேறு பேச்சே இல்லை. எந்த விமானம் எங்கிருந்து கிளம்பி இங்கே வருகிறது என்று கைபேசியில் பார்த்து, யார் அடுத்த கோச் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 12-ஆம் தேதி வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோர் வந்தார்.

அவரைப் பற்றித்தான் இப்போதைய சண்டை. தெற்கு டகோட்டாக்காரர். அங்கே சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் சின்னக் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பையை மூன்று முறை வென்றவர். வாஷிங்டனில் இரண்டு வருஷத்தில் 25 வெற்றி, 3 தோல்வி. இரண்டாம் வருஷம் தேசிய இறுதிப் போட்டி வரைக்கும் போனார். "நம்ம பக்கத்து ஆள் இல்லை, தெற்கு அவருக்குப் புரியாது" என்று அவரைப் பற்றிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. சேபன் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். பிரையன்ட்டே அர்கன்சாஸ்காரர், இங்கே ஆடுவதற்காக வந்தவர். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் இந்த ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நானே பல தடவை மேசையில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள், உண்மை என்று அவர்களுக்கும் தெரியும்.

டிபோரின் முதல் வருஷம், 2024 செப்டம்பர் கடைசியில், இங்கே ஜார்ஜியா பல்கலைக்கழக அணியை 41-34 என்று ஜெயித்தார். அடுத்த வாரம் முதலிடத்தில் இருந்த அணியோடு நாஷ்வில் போய் வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றார். 1984-க்குப் பிறகு அலபாமா அவர்களிடம் தோற்றதே இல்லை. வாண்டர்பில்ட் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருவழியே தூக்கிப்போய் ஆற்றில் போட்டார்கள். அந்த சீசன் 9 வெற்றி, 4 தோல்வியோடு முடிந்தது, தேசியக் கோப்பைக்கான பிளே-ஆஃப் போட்டிகளில் இடமில்லை. பத்து வெற்றி என்ற அந்தத் தொடரும் அத்தோடு அறுந்தது.

2025 ஆகஸ்ட் 30 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 தோல்வி. அதற்கு முந்தைய சீசனில் இரண்டே மேட்ச் ஜெயித்த அணி அது. திங்கள் லேபர் டே விடுமுறை என்பதால் செவ்வாய் காலைதான் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள், மூன்று நாள் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு. நீங்கள் இந்த ஊரில் கேட்ட முதல் சண்டை அதுதான் என்று நினைக்கிறேன். சரி, நான்கு வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் ஏதென்ஸ் ஊருக்குப் போய் ஜார்ஜியாவை 24-21 என்று ஜெயித்து வந்தார்கள். சொந்த மண்ணில் ஜார்ஜியா தொடர்ந்து 33 மேட்ச் ஜெயித்திருந்ததை முடித்து வைத்த வெற்றி அது. அடுத்த திங்கள் உங்கள் மேசை எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது பணம். மேசையில் "பை-அவுட்" என்ற சொல் அடிக்கடி விழும். ஒப்பந்தம் முடிவதற்கு முன் கோச்சை அனுப்பினால், மிச்ச வருஷங்களுக்கான சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அந்தத் தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். டிபோருக்கு 2024-ல் போட்டது எட்டு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். அரசுப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவு பணமா என்று உங்களுக்குத் தோன்றும். இந்தப் பணம் முக்கியமாக டிக்கெட், டிவி உரிமை, பூஸ்டர்கள் என்று இங்கே அழைக்கப்படும் பணக்கார ஆதரவாளர்களின் நன்கொடை ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதனால்தான் கோச்சை மாற்றும் பேச்சில் நன்கொடை கொடுப்பவர்களின் குரல் உரக்கக் கேட்கும்.

மாற்றச் சொல்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். முன்பெல்லாம் புதுக் கோச் தன் பையன்களைச் சேர்த்து வளர்க்க நான்கு வருஷம் கேட்டார், கொடுத்தார்கள். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் அணி மாறலாம். 2021-லிருந்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம். இரண்டு சீசனுக்கு நடுவிலேயே அணியையே புதிதாக வாங்கிவிடலாம் என்றால் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் அதே கதவு வெளியேயும் திறக்கும். சேபன் போனதும் அப்போதைய விதிப்படி ஆட்டக்காரர்களுக்கு 30 நாள் அவகாசம் கிடைத்தது. அணியின் மிகச் சிறந்த பையன்களில் ஒருவரான கேலப் டௌன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். அடுத்த சீசனிலேயே அங்கே தேசியக் கோப்பை வாங்கினார்கள். கோச்சை மாற்றும்போது அவரோடு என்னென்ன போகும் என்று கத்துகிறவர்கள் யோசிப்பதில்லை. கோச்சுக்காவது கோடிக்கணக்கில் பணம் வரும். துணைக் கோச்சுகள் பலருக்கு வீட்டைக் காலி செய்யும் வேலைதான். நான் வேலை பார்க்கும் பள்ளியில் அந்த ஜனவரியில் ஒரு பையன் அரைப் பருவத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பெற்றோருடன் வந்தான். நூலகத்தில் எடுத்த டைனோசர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "புது ஸ்கூல்ல இது இருக்குமா?" என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு அப்போதைக்கு எந்த ஊர் என்றே முடிவாகவில்லை.

என் கருத்தைக் கேட்டால், டிபோருக்குக் குறைந்தது நான்கு சீசன் கொடுக்க வேண்டும். சேபனே முதல் வருஷம் 7 வெற்றி, 6 தோல்விதான். இதே ஸ்டேடியத்தில் லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் 21-14 என்று தோற்றார். அன்றைக்கே அவரை அனுப்பியிருந்தால், ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்கும் ஐந்து கோச் சிலைகளில் ஐந்தாவது இருந்திருக்காது. பெரிய மனிதருக்குப் பிறகு வருகிறவரை அந்தப் பெரிய மனிதரோடு மட்டுமே ஒப்பிட்டால் 1983-லிருந்து நடந்ததுதான் திரும்பவும் நடக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தோற்ற இரவில் பத்தொன்பது வயதுப் பையனுக்கும் கோச்சின் குடும்பத்துக்கும் கைபேசியில் வசை அனுப்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு மேசைக்கு வந்தால் சிரிக்காதீர்கள், எழுந்து போய்விடுங்கள். ஒருவர் 2010-ல் ஆபர்ன் ஊரின் பழைய ஓக் மரங்களுக்கே விஷம் வைத்துவிட்டு, வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டு அதைச் சொன்னார். 2013-ல் அந்த மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. இங்கே பெரும்பாலோர் அப்படி இல்லை, அதைச் சொல்லி வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம்.

இனி உங்கள் சூப்பர்வைசருக்கு என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள்: "நான் பார்க்கும் முதல் சீசன் இது, கோச் சேபன் அணியை நான் பார்த்ததில்லை. இந்த அணியைத்தான் பார்க்கிறேன்." அந்த மேசையில் வேறு யாராலும் சொல்ல முடியாத சொல் அது. பெயருக்கு முன்னால் "கோச்" சேர்க்க மறக்காதீர்கள். வெறும் பெயர் சொன்னால் இங்கே மரியாதைக் குறைவாகத் தெரியும். அலபாமாவா ஆபர்னா என்று கேட்டால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் பிடிக்கும் என்றால் இரண்டு பக்கமும் நம்ப மாட்டார்கள். மேசையில் ஆபர்ன்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைப் பகைக்க வேண்டாம், அவர்கள் கோச்சைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

இங்கே மேட்ச் நடக்கும் ஒரு சனிக்கிழமை எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். கூட்டம் நெரியும். டிக்கெட் இல்லாவிட்டாலும் காலையிலேயே வளாகத்துக்கு வாருங்கள். குவாட் புல்வெளி முழுக்கக் கூடாரம் போட்டுச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் மணிக்கூண்டுப் பக்கம் இருப்பார்கள், நாங்களும் அவர்களோடுதான். ஸ்டேடியத்தைச் சுற்றிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள், காரைத் தூரமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். உள்ளே போவதாக இருந்தால் கண்ணாடிபோல் தெரியும் பைதான் அனுமதி. வீட்டுக்காரர் கோழி வறுக்கிறார், நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுவருகிறேன். அங்கே வரும் பெரியவர் ஒருவர் பிரையன்ட் காலத்திலிருந்து ஒரு சீசன்கூட விட்டதில்லை; உங்களை அவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.