பிறந்த குழந்தைக்கு என்ன பாவம்?

கேள்வி: தக்கலை பக்கம் கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். என் தங்கைக்குப் பிறந்த ஆண்குழந்தை மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்த பெரியம்மா, "ஜென்ம பாவத்தோடயே போயிட்டே பிள்ள" என்று அழுதார். அன்றிலிருந்து தங்கை சரியாகச் சாப்பிடுவதே இல்லை. மூன்று நாள் குழந்தை என்ன பாவம் செய்திருக்கும்? – ஒரு வாசகி

பதில்: ஒரு பாவமும் செய்யவில்லை. ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள், திருச்சபையே இப்படித்தான் சொல்கிறது.

ஆதாம் செய்த குற்றத்துக்குக் குழந்தை மேல் கேஸ் போடுவதுதான் ஜென்ம பாவம் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். 1992-ல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலைப் பாருங்கள்: அது நாம் செய்த செயல் அல்ல, நாம் பிறக்கும் நிலை, ஆதாமின் வழிவந்த யாருக்கும் அது சொந்தக் குற்றம் ஆகாது. கடவுளின் அருள் இல்லாமல் தானாக நேராக நிற்க முடியாதவர்களாகத்தான் எல்லோரும் பிறக்கிறோம். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுல் புலம்பினாரே (ரோமர் 7:19), அது வளர்ந்தவர்கள் படும் பாடு.

பெரியம்மாவின் பயமும் நேற்று வந்ததில்லை. 5-ஆம் நூற்றாண்டில், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்று பெலாஜியுஸ் என்ற துறவி போதிக்க, அருள் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று புனித அகுஸ்தீன் அடித்துப் பேசினார். அதில் அவர் சொன்னது சரிதான், ஆனால் அந்த வேகத்தில், திருமுழுக்குப் பெறாத குழந்தைக்கும் லேசான தண்டனை உண்டு என்பதுவரை போய்விட்டார். அப்புறம் வந்தவர்கள் மனசு கேட்காமல், தண்டனையும் இல்லாத, கடவுளை நேரில் காணும் பேறும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையைச் சொன்னார்கள். அது விசுவாசக் கோட்பாடாக ஒருகாலமும் அறிவிக்கப்படவில்லை. 2007-ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றே எழுதியது.

திருமுழுக்கை நமக்குக் கொடுத்த கடவுள் தம்மை அதற்குள் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. நம் மாவட்டத்திலேயே இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானம் கிடையாது, பெந்தெகொஸ்தே சபைகளில் விவரம் தெரிந்த பிறகுதான் கொடுக்கிறார்கள். அந்த வீடுகளிலும் பச்சைக்குழந்தைகள் இறக்கத்தான் செய்கின்றன. சிறு பிள்ளைகளைத் தடுக்காதீர்கள், தேவனுடைய ராஜ்யம் அவர்களுடையது என்று இயேசு சொன்னது (மாற்கு 10:14) அந்தத் தாய்மாருக்கும் உங்கள் தங்கைக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள். திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குள் குழந்தை இறந்தால், ஆயரின் அனுமதியோடு கோவிலில் அடக்கச் சடங்கு செய்யத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அடக்கம் முடிந்திருந்தாலும் பூசை வைக்கலாம். தங்கையைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். சாப்பாடும் தூக்கமும் இப்படியே இல்லாமல் போனால் டாக்டரிடமும் கூட்டிப்போக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியம்மாவிடமும் பொறுமையாக இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள், அவரும் அந்தக் குழந்தையை நினைத்துப் பயந்துகொண்டுதான் இருப்பார்.