கொப்புளத்தைக் குத்தலாமா?

கேள்வி: என் ஆறு வயது மகளின் புறங்கையில் நேற்று இரவு கொதிக்கிற ரசம் கொட்டிவிட்டது. மாமியார் உடனே பற்பசை தடவினார். காலையில் பெரிய கொப்புளம். ஊசியால் குத்தி நீரை எடுக்கலாமா? தெரிந்த ஆட்டோக்காரர், தழும்பே வராத தைலம் 1500 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். (வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: குத்தாதீர்கள். அந்த மெல்லிய தோல் மூடியிருக்கும்வரை கிருமி எளிதில் உள்ளே போகாது. காய்ந்த பற்பசையைச் சுரண்டாமல், தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். வளையலை இப்போதே கழற்றுங்கள். கை வீங்கிவிட்டால் வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றி, இன்றே அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். கையில் பட்ட காயம் இறுகி ஆறினால் பிறகு விரல் மடங்காது. தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள்.

மாமியாரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், பதறும்போது கைக்குக் கிடைப்பதைத்தான் தடவுவோம். ஆனால் பேஸ்ட், இங்க், மாவு, நெய் எதுவும் சூட்டை எடுக்காது. ஐஸும் கூடாது. குழாயைத் திறந்து 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். கரண்ட் இல்லையென்றால் குடத்திலிருந்து மொண்டு ஊற்றுங்கள். சுட்டு 3 மணி நேரம் வரை இதனால் பலன் உண்டு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளுக்காகச் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்புத் தூள் உலர்ந்தபடி மேலே கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும். முதலில் உலர்ந்த துணியால் தட்டி உதறுங்கள், அப்புறம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கரைத்த சுண்ணாம்பு என்றால் உதற வேலையில்லை, நேராகத் தண்ணீர்தான். கண்ணில் பட்டால் தூளோ குழம்போ, ஒரு நொடியும் யோசிக்காமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்தத் தைல விஷயத்துக்கு வருகிறேன். மேலோட்டமான தீக்காயம் இரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். அந்தப் பேரைத் தைலக்காரர் தட்டிக்கொண்டு போகிறார். ஆழமான காயத்தில் எந்தத் தைலமும் தழும்பைத் தடுக்காது. ஆட்டோவில் கமிஷன், கடையில் டாக்டர் சீட்டே இல்லாமல் ஸ்டீராய்டு (கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும் மருந்து) கலந்த களிம்பு. கேட்பாரில்லை. புண் சீழ் பிடித்த பிறகு அந்தக் குழந்தைகளை எங்களிடம் தூக்கி வருகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

ஓ.பி. வரிசையில் காத்திருக்காதீர்கள். குழந்தைக்குத் தீக்காயம் என்று அவசரப் பிரிவில் நேராகச் சொல்லுங்கள். ‘நாளைக்கு வாம்மா’ என்றால் நகராதீர்கள், டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்க்கும்வரை அங்கேயே நில்லுங்கள். ஆழம் அதிகம் என்றால் புதுச்சேரி ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.