கடையில் வாங்கிய ஹூலா ஹூப் வளையம் என் இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. கொழும்பில் இருந்துகொண்டு ஹூப் நடனம் பழகி, பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க என்ன செய்ய வேண்டும்?

விளையாட்டுச் சாமான் கடையில் கிடைப்பது சிறுபிள்ளைகளுக்கான வளையம். அது நிற்காததற்கு உங்கள் உடம்பைக் குறை சொல்லாதீர்கள். விட்டம் குறையக் குறைய வளையம் வேகமாகச் சுற்ற வேண்டும். பழகாத இடுப்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பெரிய, கொஞ்சம் பாரமான வளையம் மெதுவாகச் சுற்றும், அடுத்த தள்ளலுக்கு நேரம் தரும். நிலத்தில் நிமிர்த்தி வைத்தால் அதன் மேல் விளிம்பு தொப்புளுக்கும் நெஞ்சின் அடிக்கும் இடையில் வர வேண்டும். பலருக்கு அது 95 முதல் 105 செ.மீ. விட்டம். இடுப்பு அகலமென்றால் இன்னும் 5 செ.மீ. கூட்டுங்கள்.

நீங்களே செய்துகொள்வதுதான் நல்லது. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில், சுருளாக விற்கும் கறுப்புத் தண்ணீர்ப் பைப் கேளுங்கள். வெளிவிட்டம் 25 மி.மீ. அளவில் இருக்கட்டும். வெள்ளை பீவீசி பைப் வேண்டாம், வளைக்கும்போது மடிந்துவிடும். 100 செ.மீ. வளையத்துக்கு 3.15 மீற்றர் போதும். இரு நுனிகளையும் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் பிடித்து இளக்கி, உள்ளே போகும் இணைப்பியை இறுக்கிச் செருகுங்கள். உள்பக்கத்தில் துணி டேப்பைச் சாய்வாகச் சுற்றினால் பிடிப்பு வரும். கொழும்பு வியர்வைக்கு வழுவழுப்பான டேப் சரிவராது. வழுக்கும் பொலியெஸ்டர் உடுப்பையும் தவிர்த்துப் பருத்தி ரீசேர்ட் போடுங்கள்.

இனி இடுப்பு. அதை வட்டமாகச் சுழற்றப் பார்ப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, முழங்காலை இளக்கி, முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் மட்டும் தள்ளுங்கள். வளையம் வயிற்றைத் தொடும்போது வயிறு முன்னே, முதுகைத் தொடும்போது முதுகு பின்னே. தொடங்கும்போது வளையத்தை முதுகோடு ஒட்டி, நிலத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து வீசுங்கள். சரிந்து புறப்பட்ட வளையம் இரண்டு சுற்றில் விழும். குனிந்து பார்த்தால் மேல் உடம்பு வளைந்து தாளம் குழம்பும். இறங்கத் தொடங்கினால் முழங்காலை இன்னும் மடித்து, தள்ளலை விரைவாக்கி, வளையம் போகும் திசையிலேயே நீங்களும் திரும்புங்கள். அப்போது உடம்பைச் சுற்றிவர அதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும், நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். முதல் கிழமை இடுப்பெலும்பில் கன்றிப்போவது வழமை. அதற்காக உள்ளே முட்டு வைத்த பாரமான உடற்பயிற்சி வளையத்துக்குப் போகாதீர்கள், நோவு கூடும்.

ஒரு திசையில் 20 சுற்று நின்றதும் மறுதிசையைத் தொடங்குங்கள். பிறகு பழகுவது கடினம், ஒரே பக்கம் சுற்றி முதுகும் இறுகும்.

சொல்லிக்கொடுக்கும்போது ஆளுக்கு ஆள் 2.5 மீற்றர் இடைவெளி விடுங்கள். வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். முகம் பார்த்து நின்றால் இடது வலது குழம்பிவிடும். இடுப்புப் பயிற்சி ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிறகு கைக்கு மாறுங்கள். உள்ளங்கையில் சுற்றல், இடுப்பிலிருந்து கைக்கு ஏற்றல், அதன்பின் ஐசொலேஷன் என்பது நல்ல வரிசை. ஐசொலேஷனில் வளையத்தின் நடுப்புள்ளி அந்தரத்தில் அசையாமல் நிற்க, கை அதைச் சுற்றி வர வேண்டும். முழங்கையை விறைப்பாக வைத்து மணிக்கட்டால் மட்டும் திருப்பினால் வளையம் முழுவதும் இடம் மாறும். சுவரில் ஒரு புள்ளி போட்டு, கை மேலே, பக்கம், கீழே, மறுபக்கம் என நான்கு இடத்தில் நிறுத்தி, நடு விலகியதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு 75 முதல் 85 செ.மீ. பாரமற்ற வளையம் உகந்தது. சிலம்பம் பழகியவர்களுக்குக் கம்பு சுற்றி ஆடுவதும், கயிற்று நுனியில் பந்து கட்டிச் சுழற்றும் ‘பொய்’ (poi) ஆட்டமும் விரைவாக வரும். எட்டு வடிவில் சுழற்றுவது அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் வளையம் விழும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும், தடித்த பாய் விரியுங்கள். தலைக்கு மேல் சுற்ற முன் மின்விசிறியைப் பாருங்கள். காலி முகத்திடல் புல் விழுவதற்கு நல்லது. ஆனால் பின்னேரக் கடற்காற்றில் பாரமற்ற வளையம் திசை மாறும், அங்கே பெரியதைக் கொண்டுபோங்கள். வெயில் படும் பல்கனியில் சாய்த்து வைத்தால் வளையம் நீள்வட்டமாகிவிடும். நிழலில் தட்டையாகக் கிடத்துங்கள். ஏற்கெனவே கோணிப்போயிருந்தால் சற்று வெயிலில் இளகவிட்டு, நீண்ட பக்கத்தை அமர்த்தி வட்டமாக்கி, அப்படியே ஆறவிடலாம்.