85,000 ரூபாவுக்கு ஒரு பழைய கிட்டார்: அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கிறார். நான் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று மாதத்துக்கு மூன்று நிகழ்ச்சி அளவில் ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஓர் இரவுக்கு 4,000 ரூபா. கிட்டார் குழுத் தலைவருடையது என்பதால் ஒவ்வொரு முறையும் 1,000 ரூபா பிடித்துக்கொள்வார். நுவரெலியாவில் ஒருவர் 'ஹொண்டோ 2' என்ற பழைய எலக்ட்ரிக் கிட்டாரை 85,000 ரூபாவுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். "1970கள், வின்டேஜ், லோசூட் மாடல், விலை தெரிந்தவர் மட்டும் பேசவும்" என்று எழுதியிருக்கிறார். மூன்று வருடத்தில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்கிறான் நண்பன். கண்டியில் ஒரு கடையில் புதிய கிட்டார் 72,000 சொன்னார்கள். என் கையில் 25,000 இருக்கிறது. மீதி 60,000க்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன், அம்மாவும் சரி என்றுவிட்டார். நான்கு மாதத்தில் 50,000 ரூபா சீட்டு என் முறைக்கு வருகிறது. விற்பவர் 10,000 ரூபா அட்வான்ஸ் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் கிட்டாரை இந்த விலைக்கு வாங்காதீர்கள் தம்பி. கிட்டார் வாங்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடிதத்தைப் படித்தால் அது உங்களுக்குத் தொழில் சாமான். மண்வெட்டி இரவல் வாங்கி எத்தனை நாளைக்குத் தோட்டம் கொத்துவது?

முதலில் அந்த 85,000 என்ற எண். அது விலையே இல்லை, ஒருவருடைய ஆசை. நீங்கள் தோட்டத்துப் பிள்ளை, இது உங்களுக்குச் சட்டென்று புரியும். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. தரகர் ஒவ்வொரு லொட்டுக்கும், அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தேயிலைத் தொகுதிக்கும், ஒரு மதிப்புப் போட்டு வைப்பார். ஆனால் வாங்குகிறவர் கேட்டு, கணக்கில் ஏறினால்தான் அது விலை. கேட்ட காசு வராத லொட் விற்காமல் கிடந்து இன்னொரு ஏலத்துக்கு வரும். இணைய விளம்பரத்தில் இந்த இரண்டாவது பாதி கண்ணில் படுவதில்லை. நியாயமான விலைக்குப் போட்ட கிட்டார் இரண்டு நாளில் போய்விடுகிறது, விளம்பரமும் மறைந்துவிடுகிறது. யாரும் வாங்காததுதான் மாதக்கணக்கில் தொங்குகிறது. நீங்கள் இரவில் படுத்துக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பத்து விளம்பரத்தில் எட்டு அப்படி விற்காமல் கிடப்பதுதான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆள், "ஓ, பழைய கிட்டார் இப்போது இந்த விலை போகிறது போல" என்று தன்னுடையதையும் அதே விலைக்குப் போடுகிறார். இப்படி ஒருவரை ஒருவர் பார்த்து ஏற்றிய விலைக்கு வாங்கியவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

விற்ற விலை தெரிய வேண்டும் என்றால் ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் ஹொண்டோ என்று தேடிப் பாருங்கள். அங்கேயும் கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் நல்ல இடைவெளி தெரியும். அந்த டொலரை அப்படியே ரூபாவாக்கி நம் ஊர் விலை என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவில் பழைய கிட்டார் சேர்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மூன்றையும் சேர்த்துச் சலித்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? நாளைக்கு நீங்கள் விற்கப் போனால் வாங்க வேண்டியது அவர்கள்தான்.

அடுத்து அந்த 'லோசூட்' கதை. ஆங்கிலத்தில் வழக்கு என்று அர்த்தம். இது உண்மையில் சுவையான கதைதான், ஆனால் உங்கள் கிட்டாருக்கு அதில் இடமில்லை. 1970களில் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தன. 1977இல், அமெரிக்கக் கிட்டார்க் கம்பெனியான கிப்சனின் தாய்க் கம்பெனி நோர்லின், ஐபனேஸ் என்ற ஜப்பான் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்ஜர் என்ற கம்பெனிமேல் வழக்குப் போட்டது. கிட்டாரின் தலைப்பகுதி வடிவம் தங்களுடையது என்பதுதான் தகராறு. அடுத்த வருடமே சமாதானமாகிவிட்டது. அவ்வளவுதான். வழக்கில் மாட்டியது ஐபனேஸ். ஹொண்டோ அந்தக் காலத்தில் கொரியாவில் செய்து அமெரிக்காவுக்குப் போன மலிவுக் கிட்டார். புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு அப்பா அம்மா வாங்கிக் கொடுத்தது. பல மாடல்களின் உடம்பு ஒட்டுப்பலகை. இன்றைக்கு விற்பவர்கள் 1970களில் செய்த எந்த நகலுக்கும் 'லோசூட்' என்று பெயர் சூட்டி விலையில் ஒரு பூச்சியம் கூட்டுகிறார்கள்.

மலிவாகப் பிறந்த கிட்டார் பின்னாளில் விலை ஏறியதே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற கிட்டார்களில் பலவற்றை டேன்எலெக்ட்ரோ செய்தது. உடம்பு ஹார்ட்போர்ட், அதாவது அழுத்திய மரத்தூள் அட்டை. அதே டேன்எலெக்ட்ரோவை லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்தார். ராக் பாடகர் ஜேக் வைட் கையில் எடுத்த பிறகு, ஏர்லைன் என்ற பழைய ஃபைபர் கிட்டாரைத் தேட ஆரம்பித்தார்கள். ஃபெண்டர் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியின் மலிவுப் பிரிவான ஸ்கொயர் 1982இல் ஜப்பானில் செய்யத் தொடங்கியபோது வந்த முதல் கிட்டார்களுக்கு இன்றும் மரியாதை இருக்கிறது, காரணம் வேலைப்பாடு அவ்வளவு சுத்தம். ஆக, பெரிய கலைஞர் கையில் ஏறியிருக்க வேண்டும், அல்லது வேறெதிலும் வராத சத்தம் இருக்க வேண்டும், அல்லது வேலைப்பாடு பெயர் எடுத்திருக்க வேண்டும். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் எதுவும் விலை ஏறாது. எங்கள் வீட்டு லயத்துக் கதவுக்கும்தான் நூறு வயது இருந்தது.

விற்பவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் நம் ரூபா விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் இருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360 வரைக்கும் போனது. வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாச் சாமானும் ஏறியது, பழைய சாமானும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 சதவீதமானது. அதனால் பழைய கிட்டார் ஐந்து வருடத்துக்கு முந்திய விலைக்குக் கிடைக்காது, சரி. ஆனால் டொலர் 300 அளவுக்கு இறங்கியபோது விளம்பரக்காரர்கள் யாரும் இறக்கவில்லை. அதுவும் போக, எந்தப் பழைய சாதாரணக் கிட்டாருக்கும் தலைக்குமேல் ஒரு கூரை இருக்கிறது: புதிய கிட்டாரின் விலை. உங்களுக்கு அது 72,000. உத்தரவாதத்தோடு, நேரான நெக்கோடு, தேயாத ஃபிரெட்டோடு (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டைகள்) 72,000க்குக் கிடைக்கும்போது, ஒட்டுப்பலகைக் கிட்டாருக்கு எதற்கு 85,000?

பழையதற்கு நான் போடும் கணக்கு இப்படி. சட்டம் ஒன்றுமில்லை, என் வழக்கம். புதியதன் விலையில் 60 சதவீதம், அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவைக் கழிக்க வேண்டும். 72,000இல் 60 சதவீதம் 43,200. ஃபிரெட் சீவி, வயரிங் பார்த்து, தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட்டையும் கம்பியையும் மாற்ற 12,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திருத்துகிற பாஸிடம் கேட்டுச் சரியான தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். 31,200 வருகிறது. 30,000 கேளுங்கள், 35,000க்கு மேல் போகாதீர்கள். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 85,000 கேட்டவர் "சரி தம்பி, உங்களுக்காக 65" என்று இறங்கினால், 20,000 மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் பஸ் ஏறுவீர்கள். உண்மையில் 30,000 கூடக் கொடுத்திருப்பீர்கள். நானே ஒருமுறை ஒரு பழைய ரேடியோவை இப்படித்தான் 'பேரம் பேசி' வாங்கினேன். இன்றைக்கு அதன்மேல் பூச்சாடி இருக்கிறது.

இனி அடகு. இதைத்தான் நான் முதலில் பிடித்துத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கணக்கைப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. வருடத்துக்கு 18 சதவீத வட்டி என்று வைத்தால் 60,000க்கு மாதம் 900. நான்கு மாதத்தில் 3,600. சொந்தக் கிட்டார் வந்தால் மாதம் மூன்று நிகழ்ச்சிக்கு 3,000 மிச்சம். நினைவிருக்கட்டும், உங்கள் லாபம் இரவுக்கு அந்த 1,000தான். 4,000 எப்படியும் வருகிறது. கோளாறு எங்கே என்றால், விலையில். 85,000உம் பழுதுக்கு 12,000உம் சேர்த்தால் 97,000. மாதம் 3,000 வீதம் அது திரும்ப 32 மாதம் கடந்துவிடும். 35,000க்கு வாங்கி அதே பழுதைப் பார்த்தால் 16 மாதம். அம்மாவின் கணக்கில் பாருங்கள்: 2024இல் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் 85,000 என்பது 63 நாள் கொழுந்து, அதுவும் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடிப்பதற்கு முன். சீட்டு வந்து அடகை மீட்கப் போனாலும் 50,000தான் கையில், அசலுக்கே இன்னும் 10,000 துண்டு விழும். மீட்கத் தவறினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். நண்பன் மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்றானே, வீட்டில் உண்மையில் விலை ஏறிக்கொண்டிருந்த ஒரே சாமான் அந்தச் சங்கிலிதான்.

உங்களுக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, 35,000க்குள் ஒரு நல்ல பழைய கிட்டார். இதுவேதான் என்று இல்லை, யமஹா பசிஃபிகா மாதிரி உதிரிப்பாகமும் திருத்த ஆளும் லேசாகக் கிடைப்பதைத் தேடுங்கள். கையில் 25,000 இருக்கிறது, மீதிக்கு மூன்று நான்கு நிகழ்ச்சிக் காசு போதும், அடகே வேண்டாம். இரண்டாவது, சீட்டு விழும்வரை பொறுத்து 75,000ஐ எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய்ப் புதியது வாங்குவது. பொறுக்கும் நான்கு மாதத்தில் வாடகையாக 12,000 போகும் என்பது உண்மை. அதைவிட 47,000க்கு அடகு வைத்து இப்போதே புதியதை வாங்கினால் வட்டி மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும், அதுவும் உண்மை. சீட்டுப் பிடிக்கிற அக்கா ஒருமுறையும் நாள் தவறாதவர் என்றால் இந்த வழிக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். எதற்கும் முதலில் குழுத் தலைவரிடம் வாடகையை 500 ஆக்கச் சொல்லிப் பாருங்கள். கேட்கக் காசு இல்லை.

பழையதைப் பார்க்கப் போனால் சில காரியம். தலைப்பக்கத்திலிருந்து நெக்கை, பலகை வாங்கும்போது பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அதற்கு லேசான வைத்தியம் கிடையாது. லேசான வளைவு பரவாயில்லை, ஆனால் அதைச் சரிசெய்ய நெக்குக்கு உள்ளே இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பியின் திருகு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுக் கிட்டார்களில் அது பெயருக்கு இருப்பதுண்டு. 12ஆவது ஃபிரெட்டை அழுத்தியும், அதே இடத்தில் விரலைத் தொட்டெடுத்தும் வாசித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே சுரம் வர வேண்டும். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி வாசியுங்கள். வொலியும் குமிழைத் திருகும்போது கரகரப்பு வந்தால் பயப்படத் தேவையில்லை, அது சின்ன வேலை. நுவரெலியா மூடுபனியில் பல வருடம் கிடந்த சாமான் என்பதால் பிரிட்ஜ் ஸ்க்ரூக்களில் துரு இருக்கும். அவை சுழல்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக அந்த 10,000 அட்வான்ஸ். பார்க்காத சாமானுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். "இன்னொருவர் நாளைக்கு வருகிறார்" என்பார், வரட்டும். அவசியம் என்றால் விடுமுறை நாளில் தலவாக்கலை வழியாகக் காலை பஸ்ஸில் போய் நேரில் பாருங்கள். போகும்போது ஒரு கேபிளும் குழுவின் சின்ன அம்ப்பும் கையோடு கொண்டுபோங்கள். "கேபிள் இல்லை தம்பி, ஆனால் சத்தம் சூப்பர்" என்ற வசனத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.