தெரிந்தால்தானே வலிக்கும்?

கேள்வி: எனக்கு வயது 49. கல்லூரிக் காலத்தில் காதலித்துப் பிரிந்த பெண்ணை 26 ஆண்டுகளுக்குப் பிறகு பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மீண்டும் கண்டேன். அவரும் திருமணமானவர். எட்டு மாதங்களாக அன்றாடம் பேசுகிறோம், சந்திக்கிறோம்; அது நட்பின் எல்லையைத் தாண்டியும் விட்டது. வீட்டில் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அவருடைய எண்ணை 'ஏ.சி. மெக்கானிக்' என்று பதிந்து வைத்திருக்கிறேன். மற்றபடி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய கடமைகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. மனைவிக்குத் தெரிந்தால்தானே வலிக்கும்? உண்மையான காதலைத் தவறென்று எப்படிச் சொல்ல முடியும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: காதலைத் தவறென்று நான் சொல்லப் போவதில்லை. இது வயதுக் கோளாறு, வெறும் சபலம், கானல் நீர் என்று நான் வாதிடுவேன், நீங்கள் ஒவ்வொன்றாக மறுப்பீர்கள், அந்த வாதத்திலேயே உங்கள் கடிதத்தின் மற்ற பகுதி மறைந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். உங்கள் காதல் உண்மையானது என்று இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் உங்கள் கணக்கு நேராகவில்லை என்பதுதான் என் பதில்.

முதல் காதல் பல ஆண்டுகள் கழித்தும் அதே வேகத்துடன் திரும்பி வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்க உளவியலாளர் நான்சி காலிஷ் 1993-ஆம் ஆண்டு தொடங்கி, பிரிந்து நெடுநாள் கழித்து மீண்டும் சேர்ந்த 1001 பேரிடம் விவரம் திரட்டினார். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் அப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். தாமாக முன்வந்து விவரம் தந்தவர்கள் என்பதால் அந்த விகிதத்தை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் பழைய காதல் வெறும் மாயை என்று சொல்பவர்களின் வாயை அடைக்க அது போதும். நீங்கள் இந்த எண்ணை உங்கள் தரப்புச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்கு முன் ஒன்றைச் சேர்த்தே படியுங்கள்: திருமண பந்தத்தில் இருப்பவர்கள் 'சும்மா நலம் விசாரிக்கலாம்' என்று பழைய காதலைத் தேடிப் போகவே வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எச்சரித்தவரும் அதே காலிஷ்தான். அந்த உணர்வு பொய் என்பதற்காக அவர் அப்படி எச்சரிக்கவில்லை. நலம் விசாரிக்கப் போனவர்கள் தாங்கள் நினைத்தே பார்க்காத வேகத்தில் அடித்துச் செல்லப்படுவதை அவர் நேரில் கேட்டறிந்திருந்தார்.

ஆகவே காதல் உண்மையா என்பது இங்கே வழக்கே அல்ல. வழக்கு முழுவதும் அந்த 'ஏ.சி. மெக்கானிக்' மீதுதான். உங்கள் வாழ்நாளின் ஒரே காதல் என்று நீங்கள் சொல்லும் பெண்மணி, உங்கள் கைபேசியில் ஏ.சி. பழுது பார்ப்பவராக வாழ்ந்து வருகிறார். சாப்பாட்டு மேசையில் அவரிடமிருந்து செய்தி வந்து திரை ஒளிரும்போது, உங்கள் மனைவி அதைப் பார்த்து, 'ஏ.சி. நன்றாகத்தானே ஓடுகிறது?' என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் நீங்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பீர்கள். இது உங்கள் மனைவிக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்பது வெளிப்படை. அந்தப் பெண்மணிக்கும் இது அவமதிப்புதான் என்பது உங்களுக்கு ஒருமுறையாவது உறைத்ததா?

இந்த ஒளிவுமறைவைக் காதலின் மீது வெளியிலிருந்து விழுந்த ஒரு தொல்லையாக நீங்கள் எழுதுகிறீர்கள். உங்களை எட்டு மாதங்களாக இந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் எரிபொருளில் பாதி அதுவாகவே இருக்கலாம். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத ஆண்களையும் பெண்களையும் ஒரே மேசையில் சீட்டாட உட்கார வைத்தார்கள். சில இணைகள் மேசைக்கடியில் ஒருவர் காலை மற்றவர் காலால் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் சிலர் அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். மறைத்துச் செய்தவர்களுக்குத்தான், ஆட்டம் முடிந்தபோது, கூட்டாளியின் மீது ஈர்ப்பு அதிகமாக இருந்தது. சற்று முன்புவரை யாரென்றே தெரியாத ஒருவர் மீது, ஒரு சீட்டாட்ட நேரத்துக்குள் ரகசியம் இவ்வளவு செய்யுமானால், ஏற்கெனவே நெஞ்சில் இருந்த ஒருவர் மீது எட்டு மாத ரகசியம் என்ன செய்யும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். அதே ஆய்வில், பழைய உறவுகளில் ரகசியமாக இருந்தவையே பின்னாளில் அதிகமாக மனத்தை அலைக்கழித்தன என்றும் கண்டார்கள். ஆக, உங்கள் தவிப்பில் காதலின் பங்கு எவ்வளவு, ஒளிப்பதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைய நிலையில் உங்களாலேயே முடியாது. வெளிச்சத்துக்குக் கொண்டுவராத வரை அது தெரியவும் போவதில்லை.

உங்கள் கடிதம் நீளமானது. இடம் கருதிச் சுருக்கியே மேலே தந்திருக்கிறேன். முழுவதையும் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பெண்மணியைப் பற்றி நீங்கள் வரைந்திருப்பவை எல்லாம், நூலகப் படிக்கட்டு, ஊதா நிறக் குடை, கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் சிரிக்கும் பழக்கம் என்று, 26 ஆண்டுகளுக்கு முந்தையவை. இன்றைய அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள முடிந்தது ஒரே ஒரு வாக்கியம்: 'அவரும் மகிழ்ச்சியாக இல்லை.' அதுவும் உங்களுக்குச் சாதகமான வாக்கியம். அவருக்குக் கோபம் வந்தால் எப்படிப் பேசுவார், எதற்காக அழுவார், அவருடைய கணவர் எப்படிப்பட்டவர், பிள்ளைகள் இருக்கிறார்களா என்பது எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் நீங்கள் தனியாள் அல்லர். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இளைஞனாக இருந்தபோது மரியா பீட்னெல் என்ற பெண்ணை உயிராகக் காதலித்தார்; 1833-இல் அது முறிந்தது. 1855 பிப்ரவரியில், அவர் புகழின் உச்சியிலும் குடும்ப வாழ்க்கையின் சலிப்பிலும் இருந்த வேளையில், அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. 43 வயது டிக்கன்ஸ், இருபது வயது இளைஞனைப் போல மறுகடிதங்கள் எழுதினார். தனக்குப் பல் போய்விட்டது, உடல் பருத்துவிட்டது, வயதாகிவிட்டது, அழகும் இல்லை என்று மரியா முன்கூட்டியே எழுதி எச்சரித்தும் அவர் நம்ப மறுத்தார். நேரில் கண்டதும் எல்லாம் வடிந்துவிட்டது. பிறகு எழுதிய கடிதங்களில் சாக்குப்போக்குகளே மிஞ்சின. போதாக்குறைக்கு, அடுத்து எழுதிய நாவலில் அவரைச் சாயலாக வைத்து ஓயாமல் பேசும் ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தையும் படைத்துவிட்டார். பழைய காதலியைச் சந்தித்தால் ஏமாற்றம்தான் என்ற பாடத்தை இதிலிருந்து எடுப்பது வழக்கம். நீங்கள் சந்தித்தும் ஏமாறவில்லை என்பதால் அந்தப் பாடம் உங்களுக்கு உதவாது. என்னை உறுத்துவது வேறு. தன்னைப் பற்றிய உண்மையை அந்தப் பெண் நேர்மையாகச் சொன்னபோது, அவரைக் காதலித்தவருக்கு அது காதில் விழவில்லை. நினைவில் இருந்தவரே அவருக்குப் போதுமானவராக இருந்தார். உங்கள் ஊதாக் குடையைப் படித்தபோது எனக்கு அந்த மரியாவின் ஞாபகம்தான் வந்தது.

'தெரிந்தால்தானே வலிக்கும்' என்கிறீர்கள். சாமர்த்தியமான கேள்வி. அறியாதவருக்கு வலி இல்லை என்பது சரியாகவே இருக்கட்டும்; ஆனால் நீங்கள் அவரிடமிருந்து மறைப்பது வலியை மட்டுமா? உங்கள் மனைவி இந்த எட்டு மாதங்களிலும் எத்தனையோ முடிவுகளை எடுத்திருப்பார்: சேமிப்பை எதில் போடுவது, வேலையைத் தொடர்வதா விடுவதா, முதுமையை எங்கே கழிப்பது என்று. எல்லாவற்றையும், தன்னுடன் இருக்கும் கணவர் முழுதாகத் தன்னுடன் இருக்கிறார் என்ற தகவலை நம்பியே எடுத்திருக்கிறார். அந்தத் தகவல் தவறு என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்மணியின் கணவருக்கும் தெரியாது. நால்வரின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு முடிவை இருவர் மட்டும் எடுத்துவிட்டு, மற்ற இருவருக்கும் வலிக்கக்கூடாது என்ற கருணையால்தான் சொல்லவில்லை என்பது, என்னைப் பொறுத்தவரை, உங்கள் கடிதத்திலேயே நம்ப முடியாத வாதம். கருணை அல்ல அது, வசதி.

கடமைகளில் குறை வைக்கவில்லை என்பதையும் பார்த்துவிடுவோம். கட்டணங்கள் கட்டப்படுகின்றன, பிறந்தநாள்கள் மறக்கப்படுவதில்லை என்றால் அது நல்ல நிர்வாகம். உங்கள் மனைவி ஒரு நிர்வாகியை மணக்கவில்லை. அந்த நீண்ட கடிதத்தில் அவர் ஒரு மனுஷியாக எங்குமே வரவில்லை. குறை வைக்கக்கூடாத ஒரு பொறுப்பாகவே வருகிறார். திருமணம் சலித்துவிட்டதா, எப்போதிலிருந்து, அதைப் பற்றி அவரிடம் என்றாவது வாய் திறந்து பேசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. 26 ஆண்டுகளுக்கு முந்தைய குடையின் நிறம் நினைவிருக்கும் ஒருவர், கூடவே வாழ்பவரைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதுவது தற்செயலாக இருக்க முடியாது.

இனி என்ன செய்வது? முதலில், அந்தப் பெண்மணியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சையும் சந்திப்பையும் சில மாதங்களுக்கு முழுமையாக நிறுத்துங்கள். திடீரென்று காணாமல் போவது அவருக்குச் செய்யும் இன்னொரு அநீதி. இந்த வேகத்தில் இருக்கும்போது திருமணத்தை முறிப்பதையோ நீட்டிப்பதையோ முடிவு செய்யாதீர்கள். அந்த மாதங்களுக்குப் பிறகும் அவருடன்தான் வாழ வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. திருமணத்திலிருந்து வெளிப்படையாக விலகி, அதற்கான விலையைக் கொடுத்துவிட்டு, அவருடைய சொந்தப் பெயரிலேயே அவருடன் வாழுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கு ஒரு பொருட்டல்ல. இரண்டு வீடுகளின் சுகத்தையும் ஒருசேர வைத்துக்கொள்வதற்குத்தான் நான் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன்.

எந்தப் பக்கம் போனாலும் மனைவியிடம் சொல்லியே ஆக வேண்டும். வேறு யார் மூலமாகவோ, கைபேசித் திரையிலோ அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். தனியாகச் சொல்லத் துணிவில்லையென்றால் ஒரு குடும்ப நல ஆலோசகரின் துணையுடன் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி, அவர் தோண்டத் தோண்ட மீதியைத் தவணை முறையில் தராதீர்கள். ஒவ்வொரு தவணையும் அவருக்குப் புதிதாக நடந்த துரோகம் போலவே இருக்கும். அவர் அநேகமாக முதலில் கேட்கப் போவது 'எத்தனை நாளாக?' என்பதுதான். அதற்கு எட்டு மாதம் என்றே சொல்லுங்கள். இரண்டு மாதம் என்று குறைத்துச் சொல்லாதீர்கள்.