ஸ்வெட்டர் போடாத தம்பி

அன்புள்ள சார்,

நாங்கள் கோத்தகிரி பக்கம். தம்பிக்கு 29 வயது, எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறான். போன மாதம் பகலெல்லாம் கவாத்து முடித்துவிட்டு, சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்து படுத்தான். விடிகாலை நாலு மணிக்கு "அக்கா, காலே வரலை" என்று கத்தினான். தொடையை அசைக்க முடியவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் 2தான் இருக்கிறது என்று டிரிப் போட்டார்கள். மதியம் தானே நடந்து வெளியே வந்தான்.

சத்துக் குறைவு என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. ராத்திரி படுக்கும்முன் சத்து டானிக் இரண்டு மூடி கொடுக்கிறேன். ஆனால் அவன் ரெண்டு ஆள் சோறு சாப்பிடுகிறவன், அப்படியும் இளைக்கிறான். பனி கொட்டும்போதுகூடப் புழுங்குகிறது என்று ஸ்வெட்டர் போடமாட்டான். இவனுக்குச் சக்தி எங்கேதான் போகிறது?

எம்.

அன்புள்ள எம்.,

நான் டாக்டர் இல்லை, காலேஜில் உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பளிச்சென்று பட்டது அந்த ஸ்வெட்டர்தான்.

ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த 2 ரத்தத்தின் கணக்கு மட்டும். உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள், அதிலும் பெரும்பகுதி தசைக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது வெறும் சொச்சம், 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டும். தம்பிக்கு அந்தச் சொச்சத்திலும் ஒரு பகுதி தசைக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இல்லாவிட்டால் அத்தனை சீக்கிரம் எழுந்து நடப்பானா?

தசைச் செல்லின் சவ்வில் சின்னஞ்சிறு பம்புகள் உண்டு. ஏடிபி என்ற எரிபொருளில் ஒரு மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நண்டின் நரம்பை ஆராய்ந்து 1957-ல் இதைச் சொன்னவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. நோபல் கிடைத்தது 1997-ல். (நமக்கு நண்டு என்றால் குழம்புதான்.)

தூக்க, இழுக்கத்தான் தசைக்குச் சக்தி வேண்டும் என்று நினைக்கிறோம். இழுத்ததை விடுவதற்கும் வேண்டும். சுருங்கும்போது வெளிவந்த கால்சியத்தைத் திரும்ப அதன் அறைக்குள் ஏற்ற இன்னொரு பம்பு இருக்கிறது, அதற்கும் ஏடிபிதான். சாவு வீட்டில் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவும் வாய்க்கட்டுப் போடவும் அவசரப்படுவார்களே, ஏன்? ஏடிபி தீர்ந்ததும் தசை அப்படியே பூட்டிக்கொள்ளும்.

தம்பிக்கு நடந்தது அந்தப் பஞ்சம் அல்ல, பம்பு மிஞ்சி ஓடியது. தைராய்டு ஹார்மோன் கூடினால் உடம்பு எரிபொருளை வாரி இறைக்கும்: ஓயாத பசி, இளைப்பு, குளிரிலும் புழுக்கம். கூடவே தசையில் இந்தப் பம்புகளும் பெருகும். விருந்துச் சோறும் இனிப்பும் இன்சுலினை ஏற்றும், அது பம்பை முடுக்கும். பகல் வேலையில் தசையிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஓய்வில் திரும்ப உள்ளே போகிற நேரமும் அதுதான். எல்லாம் ஒரே ராத்திரியில் சேர்ந்துகொண்டன. வெளியே பொட்டாசியம் இப்படிச் சரிந்தால் சவ்வின் மின்னழுத்தம் குலைந்துபோகும். நரம்பு கூப்பிட்டாலும் தசைக்குக் கேட்காது. தைராய்டு கூடி இப்படிக் கால் வராமல் போவது ஆசிய ஆண்களிடம்தான் அதிகம். தைராய்டைப் பெண்கள் சமாச்சாரம் என்றே பழகிவிட்டதால் ஆண்பிள்ளை விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதனால் டாக்டரிடம் கேட்டு டிஎஸ்எச், டி3, டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிடுங்கள். தைராய்டுதான் என்றால், அது கட்டுக்குள் வந்ததும் இந்த வாதமும் நின்றுவிடும். இளநீரும் வாழைப்பழமும் அந்த வேலையைச் செய்யாது. மறுபடி கால் வராமல் போனால் வீட்டில் எதையும் கரைத்துக் கொடுக்காதீர்கள். உள்ளே போனது திரும்பி வரும்போது ரத்தத்தில் அளவு எகிறி இதயத்தைப் பாதிக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், அந்த டானிக் பாட்டிலின் லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கவேண்டும். அதுவரை ராத்திரி இரண்டு மூடி வேண்டாம்.